என்டர் தட்டும் முன் ஒரு வரி: பழைய லேப்டாப்பில் லினக்ஸை முயன்று பார்க்க

கல்லூரியில் எங்களுக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் பாடம் எடுத்த மேடம், ஆய்வகத்தில் ஒரு விதி வைத்திருந்தார். எந்தக் கட்டளையைத் தட்டினாலும், என்டர் அழுத்துவதற்கு முன்னால் நோட்டில் ஒரு வரி எழுதியாக வேண்டும். பக்கத்தின் இடது பாதியில் 'எதிர்பார்ப்பது'. அழுத்திய பிறகு வலது பாதியில் 'நடந்தது'. இரண்டும் ஒத்துப்போனால் ஒரு டிக் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். ஒத்துப்போகவில்லை என்றால் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். "ம், இப்பத்தான் பாடமே ஆரம்பிக்குது. சொல்லு, ஏன் அப்படி நெனச்ச?"

அந்த வயதில் எங்களுக்கு அது எரிச்சல்தான். பாதிப் பேர் முதலில் என்டரைத் தட்டிவிட்டு, வந்த விடையைப் பார்த்து இடது பாதியை நிரப்புவோம். நானும் செய்திருக்கிறேன். மேடம் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார். எல்லாமே சரியாக இருக்கிற நோட்டை அவர் நம்பியதே இல்லை.

மேடம் இப்போது இல்லை. செய்தி வந்த அன்று பழைய பெட்டியைக் கிளறி அந்த நோட்டைத் தேடி எடுத்தேன். பாதிக்கு மேல் பக்கங்கள் காலியாகக் கிடந்தன. அதே சமயத்தில் என் லேப்டாப் விஷயத்திலும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் புதிய பிராசஸரும் என் லேப்டாப்பில் கிடையாது. மற்றபடி அதற்கு ஒரு குறையும் இல்லை, கீபோர்டு கூட நன்றாகத்தான் இருக்கிறது. சரி, விண்டோஸைப் போலவே கம்ப்யூட்டரை இயக்கும் இன்னோர் ஆபரேட்டிங் சிஸ்டமான லினக்ஸைப் போட்டுப் பார்த்துவிடுவோம், அந்தக் காலிப் பக்கங்களையும் நிரப்பிவிடுவோம் என்று உட்கார்ந்தேன். இதுவரை இதைச் செய்தே பார்க்காதவர்களுக்காக அந்தப் பக்கங்களிலிருந்து இதை எழுதுகிறேன். நீங்களும் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். திரையே மாறப்போகிறது என்பதால் குறிப்பு காகிதத்தில் இருப்பதுதான் வசதி.

ஒரு சின்னக் கதை. ஆம்ஸ்டர்டாமில் பேராசிரியராக இருந்த ஆண்ட்ரூ டேனன்பாம், மாணவர்கள் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொள்வதற்காக 1987-இல் மினிக்ஸ் என்ற சிறிய ஆபரேட்டிங் சிஸ்டத்தை எழுதினார். அதை வைத்துப் பழகியவர்களில் ஒருவர் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ். 1991 ஆகஸ்டில் தானும் ஒரு சிஸ்டம் எழுதிக்கொண்டிருப்பதாக அறிவித்தார். வெறும் பொழுதுபோக்குதான், பெரிதாக ஒன்றும் வராது என்றும் கூடவே சொல்லிவைத்தார். 1992 ஜனவரியில் டேனன்பாம் அதன் வடிவமைப்பே காலாவதியானது என்று வெளிப்படையாகச் சாட, மாணவர் விடாமல் பதில் பேசினார். மேடம் இதைச் சொல்லிவிட்டுச் சிரிப்பார்: "பாருங்க, அவரும் இடது பக்கம் எழுதித்தான் வெச்சிருக்கார், பொழுதுபோக்குன்னு. வலது பக்கத்துல என்ன வந்துச்சு?" வலது பக்கத்தில் வந்தது, இன்றைக்கு ஒவ்வோர் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் ஓடும் லினக்ஸ் கெர்னல், அதாவது சிஸ்டத்தின் மையப் பகுதி. 2017 நவம்பரிலிருந்து உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் எல்லாமே அதில்தான் ஓடுகின்றன.

எதைத் தேர்ந்தெடுப்பது

லினக்ஸ் என்பது ஒரே பொருளாகக் கிடைக்காது. கெர்னல் ஒன்றுதான், அதைச் சுற்றி மென்பொருள்களைக் கட்டித் தரும் டிஸ்ட்ரோக்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. புதிதாக வருகிறவர்கள் இங்கேயே இரண்டு வாரம் தொலைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சுற்றலே வேண்டாம். லினக்ஸ் மின்ட் எடுத்துக்கொள்ளுங்கள். கீழே பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம் என்று விண்டோஸ் பழகிய கை தடுமாறாது. இப்போதைய 22 வரிசை உபுண்டு 24.04-ஐ அடிப்படையாகக் கொண்டது, 2029 வரை அப்டேட் வரும். மின்ட்டிலேயே சின்னமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று முகங்கள் உண்டு. ராம் 4 ஜிபிக்கு மேல் இருந்தால் சின்னமன், அதற்குள் என்றால் எக்ஸ்எஃப்சிஇ. முடிந்தது.

முதலில் விடுபட முடியாததைப் பாருங்கள்

டவுன்லோடு செய்வதற்கு முன்னால், போன மாதம் நீங்கள் உண்மையில் திறந்த மென்பொருள்களை எழுதுங்கள். இன்ஸ்டால் ஆகிக் கிடப்பவை வேண்டாம், திறந்தவை மட்டும். என் பட்டியலில் பிரவுசர், ஒரு எழுதும் கருவி, வீடியோ பார்க்க ஒன்று, பிடிஎஃப் படிக்க ஒன்று, அவ்வளவுதான் இருந்தது. எல்லாவற்றுக்கும் லினக்ஸில் ஆள் உண்டு: ஃபயர்ஃபாக்ஸ் அப்படியே வருகிறது, லிப்ரே ஆஃபீஸ் கூடவே வருகிறது, விஎல்சியைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸின் டெஸ்க்டாப் வடிவமோ ஃபோட்டோஷாப்போ நேரடியாக ஓடாது. லிப்ரே ஆஃபீஸ் வேர்டு ஃபைலைத் திறக்கும், சேமிக்கும். ஆனால் சிக்கலான அட்டவணையும் மேக்ரோவும் இருந்தால் அங்கங்கே கோணலாகும். ஆன்லைன் விளையாட்டுகளில் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் கட்டாயமாக உள்ள பலவும் ஓடாது. டிஜிட்டல் கையொப்ப டோக்கன் பயன்படுத்துகிறவர்கள் அதற்கு லினக்ஸ் டிரைவர் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள். இவற்றில் ஏதாவது உங்கள் பிழைப்போடு சம்பந்தப்பட்டது என்றால் விண்டோஸை அழிக்காதீர்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், வழி கீழே வருகிறது.

பேக்கப், அப்புறம் 48 இலக்கங்கள்

படங்கள், ஆவணங்கள், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் எல்லாவற்றையும் லேப்டாப்புக்கு வெளியே இரண்டு இடங்களில் வையுங்கள். ஒன்று எக்ஸ்டர்னல் டிஸ்க், இன்னொன்று கிளவுட் என்று இருந்தால் நல்லது. காப்பி முடிந்தது என்று திரை சொன்னால் போதாது. நாலைந்து ஃபைல்களை அங்கிருந்தே திறந்து பாருங்கள்.

பலர் கோட்டைவிடும் இடம் பிட்லாக்கர், டிஸ்க்கில் இருப்பதைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி. நீங்கள் போடாமலேயே, சில லேப்டாப்களில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்ற பெயரில் அது தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். பூட் அமைப்பில், அதாவது லேப்டாப் ஆன் ஆகிச் சிஸ்டம் திறக்கும் விதத்தில், எதையாவது மாற்றினால், அடுத்த முறை விண்டோஸ் நீலத் திரையில் 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்டு நின்றுவிடும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் பெரும்பாலும் அது இருக்கும். அதை முன்கூட்டியே எடுத்து நோட்டில் எழுதிவிடுங்கள். அந்த லேப்டாப்பிலேயே ஒரு ஃபைலாகச் சேமித்துவைப்பது, சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுகிற கதை.

பென்டிரைவ் தயார் செய்வது

8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். மின்ட்டின் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து முழு சிஸ்டமும் அடங்கிய ஐஎஸ்ஓ ஃபைலை இறக்குங்கள், கிட்டத்தட்ட 3 ஜிபி வரும். அந்த ஃபைலைப் பென்டிரைவில் வெறுமனே காப்பி செய்தால் லேப்டாப் அதிலிருந்து பூட் ஆகாது. ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற கருவியால் எழுத வேண்டும். தளத்திலேயே ஐஎஸ்ஓவுக்கான ஷா256 எண்ணும் (ஃபைலின் கைரேகை மாதிரி) இருக்கும். இறக்கிய ஃபைலின் எண்ணோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் டவுன்லோடு கெட்டுவிட்டது என்று பொருள். இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு பாதியில் நிற்கும் இன்ஸ்டாலைப் பார்த்து லினக்ஸைத் திட்டுகிறார்கள்.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்று. லேப்டாப்பில் ஒரே கம்பெனியின் 16 ஜிபி பென்டிரைவ்கள் இரண்டு சொருகியிருந்தன. ஒன்று காலி, ஒன்றில் பத்து வருடப் படங்கள். ரூஃபஸில் ஒரே மாதிரி இரண்டு பெயர்கள் தெரிந்தன. மேலே இருந்ததைத் தேர்ந்தெடுத்து ஸ்டார்ட் அழுத்தினேன். எல்லாம் அழிந்துவிடும் என்று எச்சரிக்கை வந்தது. அழியத்தானே போகிறது என்று ஓகே கொடுத்தேன். பச்சைப் பட்டை பாதி தூரம் ஓடியபோதுதான் காலிப் பென்டிரைவின் விளக்கு அணைந்தே இருப்பதைக் கவனித்தேன். படங்களுக்கு வேறொரு பிரதி இருந்ததால் தப்பித்தேன். நோட்டைப் பார்த்தால் அந்த ஒரு படிக்கு மட்டும் இடது பக்கத்தில் ஒன்றுமே எழுதவில்லை. 'எந்த டிரைவ் அழியும்' என்று எழுத வேண்டியிருந்திருந்தால், டிரைவ் எழுத்தைத் தேடியிருப்பேன், தேடியிருந்தால் கண்டுபிடித்திருப்பேன். ஆகவே எழுதும்போது மற்ற எல்லா யூஎஸ்பி சாதனங்களையும் கழற்றி வையுங்கள். பட்டியலில் ஒன்றே ஒன்று இருந்தால் தப்பான ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது.

பென்டிரைவிலிருந்து பூட் செய்வது

விண்டோஸில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்தால் ஒரு நீலப் பக்கம் வரும். அதில் 'யூஸ் எ டிவைஸ்' என்பதில் பென்டிரைவ் தெரியும். தெரியாவிட்டால், லேப்டாப் ஆன் ஆகும்போது எஃப்12, எஃப்9, எஃப்2, எஸ்கேப் இவற்றில் ஒன்றைத் தொடர்ந்து தட்ட வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். செக்யூர் பூட்டை (நம்பகமான சிஸ்டத்தை மட்டும் பூட் ஆக விடும் பாதுகாப்பு) அணைக்கச் சொல்லிப் பழைய வழிகாட்டிகள் பல சொல்லும். மின்ட்டுக்குப் பெரும்பாலும் தேவையில்லை, அப்படியே விடுங்கள்.

லைவ் செஷன்: இங்கேதான் நிதானம் வேண்டும்

பென்டிரைவிலிருந்து மின்ட் திறந்ததும் முழு டெஸ்க்டாப் வந்துவிடும். ஹார்ட் டிஸ்க்கில் இன்னும் எதுவும் மாறவில்லை. பென்டிரைவைக் கழற்றி ரீஸ்டார்ட் செய்தால் பழைய விண்டோஸ் பழையபடியே. இதற்கு லைவ் செஷன் என்று பெயர். டெஸ்க்டாப்பில் 'இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட்' என்று ஒரு ஐகான் கண்ணைப் பறிக்கும். அதைத் தொடாதீர்கள். குறைந்தது இரண்டு மாலை நேரங்களாவது இதிலேயே இருங்கள்.

என் நோட்டில் இந்தப் பகுதிதான் மூன்று பக்கம் ஓடியது. வைஃபை பட்டியல் வருமா என்று எழுதினேன், வந்தது. ஸ்பீக்கர், வந்தது. ஹெட்போனைச் சொருகினால் ஸ்பீக்கர் தானாக நிற்குமா? நின்றது. மைக்கில் பேசிப் பதிவு செய்து திரும்பக் கேட்டேன். கேமரா, ப்ளூடூத், திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கீகள், டச்பேடில் இரண்டு விரல் ஸ்க்ரோல், பெரிய மானிட்டரில் இணைத்துப் பார்ப்பது என்று ஒவ்வொன்றாகப் போனேன். எல்லாவற்றிலும் முக்கியமானது மூடியை மூடி, பத்து நிமிடம் கழித்துத் திறப்பது. 'விழித்துக்கொள்ளும்' என்று இடது பக்கத்தில் எழுதியிருந்தேன். திரை கறுப்பாகவே இருந்தது. பவர் பட்டனைப் பிடித்து அணைத்துவிட்டுத் திரும்ப முயன்றேன், மறுபடியும் கறுப்பு. லேப்டாப்பின் பயாஸை (ஆன் ஆனதும் முதலில் ஓடும் உள் மென்பொருள்) அந்தக் கம்பெனியின் புதிய பதிப்புக்கு மாற்றிய பிறகு சரியானது. இன்ஸ்டால் செய்த பிறகு இதைக் கண்டுபிடித்திருந்தால் இரண்டு நாள் தூக்கம் போயிருக்கும்.

வைஃபை பட்டியலே வரவில்லையா? பயப்பட வேண்டாம். போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, போனில் யூஎஸ்பி டெதரிங் போடுங்கள். லேப்டாப்புக்கு இன்டர்நெட் வந்துவிடும். இன்ஸ்டால் செய்த பிறகு 'டிரைவர் மேனேஜர்' உங்கள் வைஃபை சிப்புக்கான டிரைவர் இருந்தால் காட்டும். பிராட்காம் சிப் உள்ளவர்களுக்கு இது அடிக்கடி தேவைப்படும்.

லைவ் செஷன் கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும், எல்லாமே பென்டிரைவிலிருந்து வர வேண்டும். வேகத்தை வைத்து எடைபோடாதீர்கள். இங்கே சேமித்தவை ரீஸ்டார்ட்டோடு போய்விடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இன்ஸ்டால்

வலது பக்கம் திருப்தியாக இருந்தால் மட்டும் அடுத்த படி. விண்டோஸையும் வைத்துக்கொள்வதாக இருந்தால், விண்டோஸுக்குள் போய் அதன் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவைச் சுருக்கி இடம் விடுங்கள். மின்ட் 20 ஜிபியில் உட்காரும் என்றாலும் 100 ஜிபி கொடுத்தால் பிறகு மூச்சு முட்டாது. விண்டோஸின் பவர் அமைப்பில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்பதை அணைத்துவிடுங்கள். அது இருக்கும்வரை விண்டோஸ் முழுதாக அணையாமல் அரைத் தூக்கத்திலேயே கிடக்கும், லினக்ஸிலிருந்து அந்த டிரைவில் எழுத முடியாது. பிட்லாக்கர் இருந்தால் இன்ஸ்டாலர் அதை அணைத்துவிட்டு வரச் சொல்லலாம். அதற்குச் சில மணி நேரம் பிடிக்கும், சார்ஜரோடு விட்டுவிடுங்கள். சுருக்கிய பிறகு விண்டோஸை ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்து, நல்லபடியாகத் திறக்கிறதா என்று பார்த்துவிட்டே மேலே போங்கள்.

பிறகு லைவ் செஷனில் அந்த இன்ஸ்டால் ஐகான். மொழி, கீபோர்டு, மல்டிமீடியா கோடெக் (பாட்டு, வீடியோ ஓட உதவுபவை) டிக், இவை மூன்றும் கேள்வியே இல்லாத திரைகள். நான்காவதாக வருவதுதான் முக்கியம். 'இன்ஸ்டால் அலாங்சைட்' என்றால் விண்டோஸ் பக்கத்தில். 'ஈரேஸ் டிஸ்க்' என்றால் டிஸ்க் முழுவதும் காலி. இந்தத் திரையில் கையை மவுஸிலிருந்து எடுத்துவிட்டு, எந்தப் பகுதி எத்தனை ஜிபி அழியும் என்று இடது பக்கத்தில் எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் வெளியே வந்துவிடுங்கள், ஒன்றும் குடிமுழுகாது. கடைசியாக மாற்றங்களை எழுதலாமா என்று கேட்கும் சிறிய பெட்டி வரும்வரை டிஸ்க்கை எதுவும் தொட்டிருக்காது.

டிஸ்க்கே பட்டியலில் வராத லேப்டாப்களும் உண்டு. அவற்றில் பயாஸில் ஸ்டோரேஜ் 'ரெய்டு' அல்லது 'ஆர்எஸ்டி' முறையில் இருக்கும். அதைச் சட்டென்று ஏஹெச்சிஐ என்ற இன்னொரு முறைக்கு மாற்றினால் விண்டோஸ் பூட் ஆகாமல் போகலாம். விண்டோஸை வைத்துக்கொள்கிறவர்கள் இதை மட்டும் தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

முதல் நாள் வேலைகள்

வரவேற்புத் திரையில் டைம்ஷிஃப்ட் என்று ஒன்று இருக்கும். முதலில் அதைத் திறந்து ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்கள். பிறகு எதையாவது கெடுத்துக்கொண்டால் சிஸ்டத்தை இந்த நிலைக்குத் திருப்பிவிடலாம். உங்கள் ஆவணங்களுக்கான பேக்கப் இது இல்லை, சிஸ்டத்துக்கு மட்டும்தான். அப்புறம் அப்டேட் மேனேஜர், அதன் பிறகு டிரைவர் மேனேஜர். செக்யூர் பூட் இருக்கும்போது சில டிரைவர்களைப் போட்டால் ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். ரீஸ்டார்ட்டில் வரும் நீலத் திரையில் 'என்ரோல் மோக்' என்பதைத் தேர்ந்து அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். புரியாமல் 'கன்டின்யூ' கொடுத்துவிட்டு, டிரைவர் ஏன் வேலை செய்யவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள் நிறைய.

தமிழில் தட்ட, கீபோர்டு அமைப்பில் லேஅவுட் பட்டியலைத் திறந்தால் தமிழ்நெட் 99, இன்ஸ்கிரிப்ட் இரண்டும் கிடைக்கும். ஆங்கில ஒலிப்பில் தட்டிப் பழகியவர்கள் ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சு மென்பொருள்கள் இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு சிஸ்டமும் இருந்தால், லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனதும் கடிகாரம் சில மணி நேரம் தள்ளி நிற்கும். ஒன்றும் கெடவில்லை. லேப்டாப்பின் உள் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்கிறது, விண்டோஸ் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது. உங்கள் ஊருக்கும் உலகப் பொது நேரத்துக்கும் எவ்வளவு வித்தியாசமோ, அவ்வளவு தள்ளித் தெரியும். உள்ளூர் நேரத்தையே பயன்படுத்தும்படி லினக்ஸில் ஓர் அமைப்பை மாற்றினால் தீர்ந்தது.

கைப்பழக்கம் மாற வேண்டிய சில இடங்கள்

மென்பொருள் வேண்டுமென்றால் பிரவுசரில் செட்டப் ஃபைல் தேடாதீர்கள். 'சாஃப்ட்வேர் மேனேஜர்' உள்ளே தேடுங்கள், அங்கிருந்து போட்டதற்கு அப்டேட்டும் தானாக வரும். ஃபைல் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் இங்கே வேறு வேறு.

கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் கட்டாயமில்லை, ஆனால் ஒரு நாள் திறப்பீர்கள். பாஸ்வேர்டு கேட்கும்போது தட்டினால் திரையில் ஒரு நட்சத்திரப் புள்ளி கூட வராமல் போகலாம். கீபோர்டு கெட்டுவிட்டது என்று நினைக்காமல் முழுதும் தட்டி என்டர் கொடுங்கள். கன்ட்ரோலும் சி கீயும் இங்கே காப்பி செய்யாது, ஓடிக்கொண்டிருக்கிற வேலையை நிறுத்தும். காப்பிக்கு ஷிஃப்டையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

இன்டர்நெட்டில் எவரோ கொடுத்த நீளமான கட்டளையை ஒட்டி என்டர் தட்டத்தான் முதல் வாரத்தில் கை பரபரக்கும். நானும் தட்டப் பார்த்தேன். சவுண்டு சற்றுக் கரகரத்தபோது ஒரு வரி கிடைத்தது. ஒட்டிவிட்டு நோட்டை எடுத்தால் இடது பக்கத்தில் எழுத ஒன்றும் வரவில்லை. அந்த வரியில் ஏழு சொற்கள், எனக்குத் தெரிந்தவை இரண்டு. மற்ற ஐந்தையும் ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தபோது, அது ஒலி அமைப்பு மொத்தத்தையும் நீக்கிவிட்டு வேறொன்றைப் போடும் கட்டளை என்று தெரிந்தது. என் பிரச்சினைக்குக் காரணம் ஹெட்போன் முனையில் இருந்த தூசி.

இப்போது மூன்று வாரம் ஆகிறது. வாரத்தில் ஒரு நாள் விண்டோஸுக்குப் போக வேண்டியிருக்கிறது, போகிறேன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நோட்டில் பெரும்பாலும் டிக்தான். கைரேகை சென்சார் மட்டும் அடம்பிடிக்கிறது. 'வேலை செய்யும்' என்று இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் வலது பக்கத்தில் 'இல்லை' என்று எழுதியாயிற்று. மூன்றாவது தடவைக்கு முன்னால், ஏன் வேலை செய்யும் என்று நினைக்கிறேன் என்பதை எழுத உட்கார்ந்தேன். இடது பாதி இன்னும் காலியாகவே இருக்கிறது.